கூழைக்கடாவின் பையில் இரண்டு மீன்

கருவேலங்குளத்துத் தண்ணீருக்கு நடுவே நின்ற மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்தன. அவற்றில் ஒருத்தி வெள்ளாச்சி. அவள் கணவன் கொண்டையன். இருவருக்கும் ஒரே குஞ்சு, பெயர் பஞ்சு.

கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே பெரிய பை ஒன்று தொங்கும். குளத்தில் முக்கியெடுத்த மீன்களை அதில் போட்டுக்கொண்டு வந்து, கூட்டில் அலகைத் திறந்து காட்டும். குஞ்சு தலையை உள்ளே விட்டு வேண்டியதைத் தின்னும்.

அந்தக் குளத்துக் கூழைக்கடாக்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பையில் மீனை மிச்சம் வைத்தாலோ கீழே போட்டாலோ, அது மழையிடம் போய்க் கோள் சொல்லிவிடுமாம். மழை கோபித்துக்கொண்டு அடுத்த வருஷம் வராதாம்! மற்றவர்கள் இதைப் பாதி நம்பினார்கள், பாதி மறந்தார்கள். வெள்ளாச்சி முழுசாக நம்பினாள். அவள் குஞ்சாக இருந்தபோது ஒரு வருஷம் மழை பொய்த்துவிட்டது. நாளுக்கு ஒரு கெண்டைக்குஞ்சு கிடைத்தாலே பெரிது. அந்தப் பசியை அவள் மறக்கவே இல்லை, பாவம்.

அதனால் பஞ்சு தின்றது போக மீந்ததையெல்லாம் அவளே விழுங்குவாள். கொண்டையன் கொண்டுவந்ததில் மீந்தாலும், "இந்தா, நீயே முடிச்சிடு!" என்று கூட்டில் கொட்டிவிடுவான். அதையும் முடிப்பாள். நாளாக ஆக அவள் உட்காரும் கிளை தாழ்ந்துகொண்டே வந்தது. தண்ணீரிலிருந்து அதில் தத்தி ஏறிக்கொள்ள முடிந்ததால் அவள் அதைக் கவனிக்கவில்லை.

சித்திரை பிறந்தது. குளம் வற்றத் தொடங்கியது. இன்னும் இருபது நாளில் எல்லோரும் வடக்கே பெரிய ஏரிக்குப் பறந்துவிட வேண்டும் என்று கூட்டம் முடிவு செய்தது. அன்று மாலையே பறந்து பார்த்தார்கள். பஞ்சு ஜிவ்வென்று மேலே போய்விட்டது. வெள்ளாச்சி தண்ணீர்மேல் தபதபவென்று ஓடினாள், சிறகை அடித்தாள், மறுபடி ஓடினாள். கடைசியில் எதிர்க்கரைக் கோரைப்புல்லில் போய் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றாள்.

நாரைகள் கெக்கெக்கென்று சிரித்தன. அவளும் கூடவே சிரித்துவைத்தாள். ஆனால் மனசுக்குள் திக்கென்றது.

"குளம் வற்றினதும் நரி நடந்தே மரத்தடிக்கு வந்துடுமே! நீ பறக்காட்டி என்ன பண்றது?" என்றான் கொண்டையன்.

"அம்மா வரலேன்னா நானும் போகமாட்டேன்!" என்றது பஞ்சு.

வெள்ளாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னை நரி பிடித்தால்கூடப் பரவாயில்லை. பஞ்சுவை எப்படி விடுவாள்?

மறுநாள் அவள் ஒன்றுமே தின்னாமல் பட்டினி கிடந்தாள். அதற்கடுத்த நாள், இரண்டு நாள் பசிக்கும் சேர்த்து இரண்டு பை மீனைத் தின்று தீர்த்தாள். கிளை இன்னும் ஒரு சாண் தாழ்ந்ததுதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் பஞ்சு நாலு மீன் தின்றுவிட்டுப் பையிலிருந்து தலையை எடுத்தது. "போதும்மா!"

"இன்னும் ரெண்டு இருக்கே! ஒரே ஒரு வாய்டா, கண்ணு!"

"போதும்மா."

வழக்கம்போல மிச்சத்தை விழுங்க வெள்ளாச்சி அலகை வானத்தைப் பார்க்க உயர்த்தினாள். அப்படியே நின்றாள். இந்தப் 'போதும்' என்ற சொல்லை நூறு தடவை கேட்டிருப்பாள். ஒரு தடவைகூட அதை யோசித்ததில்லை.

"போதும்னு உனக்கு எப்படிடா தெரியுது?"

"வயிறு சொல்லுதே!"

"என் வயிறு ஒண்ணும் சொல்றதில்லையே. பை காலியானாத்தான் எனக்குச் சாப்பாடு முடிஞ்சுதுன்னு தெரியும்."

"நீ கேட்டாத்தானேம்மா சொல்லும்!"

வெள்ளாச்சி கண்ணை மூடி வயிற்றைக் கேட்டாள். அது மத்தியானத்திலிருந்தே நிறைந்துதான் இருந்தது. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்ச் சும்மா இருந்திருக்கிறது! அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் பையில் இருக்கும் இரண்டு மீன்? அவள் மரத்தடியை எட்டிப் பார்த்தாள். அங்கே தட்டையன் என்ற ஆமை கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

"மற்ற மரத்திலேருந்து எனக்குத் துண்டும் துணுக்குமா ஏதாவது விழும். உன் மரத்திலேருந்து இதுவரை ஒரு செதில்கூட விழுந்ததில்லை, தாயே!" என்றது ஆமை.

"போட்டால் அது மழைகிட்டே கோள் சொல்லிடுமே!"

"என் வயித்துக்குள்ளே போனப்புறம் எங்கே போய்ச் சொல்லும்? போடு, போடு!"

வெள்ளாச்சி ஓரக்கண்ணால் வானத்தைப் பார்த்தபடி அலகைக் கவிழ்த்தாள். இரண்டு மீனும் விழுந்தன. ஆமை லபக் லபக்கென்று விழுங்கிவிட்டு, நிம்மதியாக ஓட்டுக்குள் போய்விட்டது. வானம் இடிந்து விழவில்லை.

அன்று முதல் வெள்ளாச்சி பை நிறைய முக்குவதை விட்டாள். பாதிப் பையோடு வந்தாள். பஞ்சுவை வற்புறுத்தவில்லை. தானும் இரண்டு மீனுக்கு ஒருமுறை நிறுத்தி, "என்ன, போதுமா?" என்று வயிற்றைக் கேட்டாள். சில நாள் பழைய பழக்கம் ஜெயித்துவிடும். மறுநாள் பட்டினி கிடக்காமல், எப்போதும்போல் பாதிப் பையோடு வருவாள். கிளை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

இருபதாம் நாள் வந்தது. கொண்டையன் ஒரு பை மீனைக் கூட்டில் கொட்டினான். "தூரப் பயணம்! எல்லாத்தையும் முடிச்சிடு!"

வெள்ளாச்சி மூன்று மீன் தின்றாள். கண்ணை மூடினாள். "எனக்குப் போதுங்க," என்றாள். மிச்சத்தைத் தட்டையனுக்குத் தள்ளிவிட்டாள். கொண்டையன் வாயைப் பிளந்தான்.

பிறகு தண்ணீரில் இறங்கி ஓடினாள். தப, தப, தப... கோரைப்புல் நெருங்கியது. பஞ்சு மேலிருந்து, "அம்மா! அம்மா!" என்று கத்தியது. புல்லின் நுனி அவள் வயிற்றை உரசியது. அவ்வளவுதான், அவள் மேலே இருந்தாள்! பஞ்சு பறந்துவந்து அவள் சிறகோடு சிறகு சேர்த்துக்கொண்டது.

கீழே விழுந்த மீன்கள் மழையிடம் என்னதான் கோள் சொல்லினவோ, அந்த ஐப்பசியில் கருவேலங்குளம் கரை தளும்ப நிறைந்தது.

வயிறு போதும் என்ற பிறகும் மீந்ததைத் தின்று தீர்ப்பது உணவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அளவோடு எடுத்து, போதும் என்றதும் நிறுத்துவதே உணவுக்கும் உடம்புக்கும் நல்லது.