தாமரைக் குளத்து நீல வாத்துகள்

முன்னொரு காலத்தில், குளத்துத் தண்ணீரில் முகம் பார்த்து மீசை முறுக்கிப் பழகிய ராஜா ஒருவர் இருந்தார். ஒருநாள் காலை தாமரைக் குளத்தில் குனிந்தார். முகம் தெரியவில்லை, நாற்றம்தான் மூக்கில் ஏறியது.

"யார் வீட்டுக் கழிவுநீர் இது?" என்று கத்தினார்.

பிரதானி சேதுராயர் காத்திருந்தவர் போல முன்னால் வந்தார். "அரசே, கரைக்கு மேலே நாணல்பட்டி என்று நாற்பது குடிசைகள் உள்ளன. வேறு யார்?" அந்த மேட்டில் தமக்கொரு தோட்டம் போட அவருக்கு நெடுநாள் ஆசை.

"எந்த வீட்டுக் கழிவுநீர் என் குளத்தில் விழுகிறதோ, அந்த வீட்டை நாளைக்கே இடியுங்கள்!"

"அந்தப் பணியை நம் விகடக்காரர் தொந்தியப்பரிடமே ஒப்படைக்கலாம், அரசே," என்றார் பிரதானி, புன்னகையோடு.

தொந்தியப்பன் பிறந்ததே நாணல்பட்டியில்தான். இடித்தால் ஊர் போகும். மறுத்தால் தலை போகும்.

கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். முதல் வீடு அவன் அக்கா மகள் பூவாயியுடையது. பிள்ளை பெற்றுப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

"வாங்க மாமா. கடப்பாரையோட வர்றீங்களே, தொட்டிலுக்குக் கம்பு ஊணவா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கொல்லையில் போய் உட்கார்ந்தான். பூவாயி பிள்ளையைக் குளிப்பாட்டிய தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுவந்து ஒரு குழியில் ஊற்றினாள். மேலே மணல், நடுவில் கரி, அடியில் கூழாங்கல். அதைத் தாண்டி வடிந்த நீர் கல்வாழைப் பாத்தியில் நின்று, பிறகு வாழை மரங்களுக்கு ஊறியது.

"எல்லா வீட்டுலயும் இப்படித்தானா, பூவாயி?"

"என்ன கேக்குறீங்க? பிள்ளை குளிச்ச தண்ணிய யாரும் மிதிக்கக் கூடாதுன்னுதானே நம்ம ஊருல கொல்லையத் தாண்ட விடமாட்டோம்? அந்தப் பழக்கத்துல சட்டிபானை கழுவின தண்ணியும் இங்கயே நின்னுரும். அரமனைச் சோறு தின்னு மறந்துட்டீங்களா?"

தொந்தியப்பன் பிள்ளையின் குட்டிக் காலை மெல்லத் தொட்டுப் பார்த்தான். பிறகு எழுந்து சாயக்காரர் தெருவுக்கு நடந்தான்.

மறுநாள் காலை ராஜா பரிவாரத்தோடு குளக்கரைக்கு வந்தபோது, அவன் இரண்டு அண்டா நிறைய நீலச் சாயத்தோடு நின்றான்.

"அரசே, தவறான வீட்டை இடித்தால் தங்கள் கட்டளையை மீறியவன் ஆவேன். கழிவுநீரையே வழி சொல்லச் சொல்லலாமா?"

ராஜா பார்த்திருக்க, ஒரு அண்டாச் சாயத்தை நாற்பது கொல்லைக் குழிகளிலும் பங்கிட்டு ஊற்றினார்கள். உச்சி வேளைவரை எல்லாரும் காத்திருந்தார்கள். குளத்தில் ஒரு சொட்டு நீலமில்லை.

"சாயம் போதவில்லை!" என்று பிரதானி குதித்தார்.

"மிச்சம் இருக்கிறதே, பிரபு!"

அடுத்த அண்டாவில் பாதி பிரதானியின் சமையல்கட்டுக் கால்வாயில். பாதி அரண்மனை மடைப்பள்ளிக் கால்வாயில். சிறிது நேரத்தில் அரளிப் புதருக்குப் பின்னாலிருந்து நீலம் குபுகுபுவென்று குளத்தில் கொட்டியது. அங்கே அந்த இரண்டு கால்வாய்களும் ஒன்றாகச் சேர்ந்து வாய் திறந்திருப்பதை அதுவரை எந்தப் பெரிய மனிதரும் குனிந்து பார்த்ததில்லை. ராஜாவின் வெள்ளை வாத்துகள் நீல வாத்துகளாகக் கரையேறி, பிரதானியின் வேட்டிமேல் சிறகை உதறின.

தொந்தியப்பன் கடப்பாரையைத் தூக்கினான். "கட்டளைப்படி முதலில் பிரதானியார் மாளிகை. அடுத்தது தங்கள் மடைப்பள்ளி. எந்தச் சுவரில் தொடங்கட்டும், அரசே?"

ராஜா நீல வாத்துகளைப் பார்த்தார். நீலப் பிரதானியைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மடைப்பள்ளியை இடித்துவிட்டு நான் எதைச் சாப்பிடுவது? நாணல்பட்டி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அந்தக் குழியை எங்களுக்கும் வெட்டிக் கொடுங்கள்!"

மறுவாரம் அரண்மனைக் கொல்லையில் குழி வெட்டும்போது, பூவாயி கையில் பிள்ளையோடு நின்று வேலை சொன்னாள். "நல்லா அலசுங்க சாமி, மணல்ல அழுக்கு இருக்கு," என்றதும் பிரதானி மறுபடியும் அலசினார்.

குளத்தில் முகம் தெரிந்த அன்று, ராஜா மீசையை முறுக்கிவிட்டுக் கேட்டார்: "தொந்தியப்பா, என்ன பரிசு வேண்டும்?"

"தொட்டில் கட்ட ஒரு துணி, அரசே. கம்பு ஊன்றக் கடப்பாரை என்னிடமே இருக்கிறது."

ராஜா மறுபடி சிரித்தார். தோளில் கிடந்த பட்டுத் துணியை எடுத்து, தாமே மடித்து அவன் கையில் கொடுத்தார்.