துபாஷி மகளின் உச்சரிப்பு

வெண்மணற்றுறை என்ற கடலோரப் பட்டினத்தில், பிரெஞ்சுக்காரர்களின் பண்டகசாலையில் துபாஷியாக இருந்தவர் தில்லைநாயகம். அவர்கள் பேசுவதைத் தமிழிலும், தமிழர் பேசுவதைப் பிரெஞ்சிலும் மாற்றிச் சொல்வது அவர் உத்தியோகம். முப்பது வருஷமாக அந்த நாக்கை நம்பித்தான் அவர் குடும்பம் நடந்தது.

பக்கத்துப் பாளையத்து ராணி ஒரு சமயம் பண்டகசாலைத் தலைவரான துரையின் மனைவியைப் பார்த்துப் பேச விரும்பினாள். அந்தப்புரத்துக்குள் ஆண் துபாஷி நுழைய முடியாது. "உன் மகளைத் தயார் செய். ஆறு மாதம் தருகிறேன்" என்றார் துரை.

பெண் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் ஏது? பதிமூன்று வயது உலகாம்பாளுக்கு வீட்டுக் கூடமே பள்ளிக்கூடம் ஆயிற்று. தினம் காலையில் அவர் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். மனைவி செங்கமலம் சன்னலோரம் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். ஏழு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. முகத்துக்கு நேரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு பதில் சொல்வாள்.

நான்காம் மாதம் ஒரு நாள், சன்னலுக்கு உரிய பிரெஞ்சுச் சொல்லை அவர் "பெனெத்ர்" என்றார். மகள் "ஃபெனெத்ர்" என்றாள். துரையே சொன்னதுபோல் இருந்தது. தில்லைநாயகத்துக்குச் சுருக்கென்றது. அந்த ஓசை அவர் காதில் ஆயிரம் தடவை விழுந்திருக்கிறது. வாயில் ஒரு தடவையும் வந்ததில்லை. தமக்கு வராததை இவளுக்குக் கொடுத்தது யார்?

"யாரும்மா சொல்லிக்கொடுத்தா?"

"நீங்கதான் அப்பா."

சொல்லிவிட்டு அவள் சன்னல் பக்கம் பார்த்தாள். அங்கே தாய் இருந்தாள். அவளுக்கு அப்பால் தெரு. தெருவின் எதிர்ப்புறம் பசீல் என்ற பிரெஞ்சுக்காரத் தச்சனின் கொட்டகை. தில்லைநாயகத்தின் பார்வை தாயைத் தாண்டிக் கொட்டகைக்குப் போய்விட்டது.

பசீல் இளவயதுக்காரன், வேலையாட்களிடம் நாள் முழுதும் உரக்கப் பேசிக்கொண்டிருப்பான். அன்றிலிருந்து துபாஷி அவன்மேல் கண் வைத்தார். பண்டகசாலைக்குப் போவதுபோல் கிளம்பித் தெருமுனையில் நின்று கவனித்தார். இரண்டு தடவை பசீல் நிமிர்ந்து, இவர் வீட்டுச் சன்னலைப் பார்த்துச் சிரித்தான். பால்காரியிடம் விசாரித்தார். "தெனமுந்தான் சிரிக்கிறான் சாமி. யாரைப் பார்த்தோ!" என்றாள் அவள். பக்கத்து வீட்டு வைத்தியரிடம் கேட்டார். "வயசுப் பொண்ணு இருக்கிற வீடு..." என்று அவர் இழுத்தார். மகளின் பாடப் பலகையைக்கூட எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாளுக்கு நாள் அவள் உச்சரிப்பு தெளிந்துகொண்டே வந்தது. அதைக் கேட்கக் கேட்க அவர் சந்தேகமும் வளர்ந்தது.

கடைசியில் துரையிடம் போய், "பசீல் என் மகளிடம் திருட்டுத்தனமாகப் பழகுகிறான்" என்றார். துரை விசாரிக்கவில்லை. ராணியின் சந்திப்புக்கு முன்னால் வம்பு வேண்டாம் என்று, மறுநாள் புறப்படும் கப்பலில் அவனை ஏற்றிவிட உத்தரவு போட்டார்.

அன்று மாலை தில்லைநாயகம் மகளைத் தனியே அழைத்தார். "நாளைக்கு மத்தியானம் அவன் கப்பலேறிடுவான். அம்மாகிட்ட மூச்சு விடாதே, கலங்கிப்போவா."

உலகாம்பாளின் முகம் வெளுத்தது. "அவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லையே அப்பா!"

"அப்போ வேற யாரு?"

அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் கப்பல் போய்விட்டது. எதிர்க்கொட்டகை பூட்டிக் கிடப்பதைக் கண்ட செங்கமலம் மகளின் தோளைப் பிடித்துத் திருப்பி, என்னவென்று கேட்டாள். மகள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். செங்கமலம் நேரே கணவர் முன் வந்து நின்றாள்.

"சொல்லிக்கொடுத்தது நான்."

"நீயா? உனக்குத்தான் காதே..."

"காது எதுக்கு? அந்தத் தச்சன் சன்னல் சட்டத்தைக் காட்டி ஆளுங்ககிட்ட அந்த வார்த்தையைச் சொன்னான். அவன் சொல்றப்போ கீழுதட்டு மேல பல்லு படுது. நீங்க சொல்றப்போ ரெண்டு உதடும் ஒட்டுது. பொண்ணை அவன் மாதிரி வாயை வெச்சு ஊதச் சொன்னேன். அவ, 'வந்துடுச்சு'ன்னு துள்ளினா. அப்புறம் தெனமும் அவன் வாயையே பார்த்துட்டிருந்தேன். அவன் வேலையை மெச்சிப் பார்க்கிறேன்னு நெனச்சு அவனும் சிரிப்பான்."

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

"முப்பது வருஷமா நீங்க பேசினது தப்புன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லவா? மனசு விட்டுப்போயிடுவீங்க. அதான், உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவகிட்டயும் சத்தியம் வாங்கினேன்."

பிறகு அவள் கையை நீட்டி அவருடைய கீழுதட்டை மேற்பல்லுக்கு அடியில் தள்ளினாள். "ஊதுங்க." அவர் ஊதினார். காற்று பல்லுக்கிடையே சீறிக்கொண்டு வந்தது. தம் வாயிலிருந்து வந்த ஓசையைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

துரையிடம் ஓடிப்போய் உண்மையைச் சொன்னார். கப்பல் திரும்பிவர ஒன்றரை வருஷம் ஆகும் என்றார் துரை. ராணியின் சந்திப்பு குறையில்லாமல் நடந்தது; உலகாம்பாளின் பேச்சை எல்லாரும் மெச்சினார்கள். வீட்டில் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. "கோள் சொன்னவன் நான்" என்றார் தந்தை. "சத்தியம் கேட்டது நான்" என்றாள் தாய். "எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டது நான்" என்றாள் மகள்.

குற்றமற்ற பசீலைக் கப்பலேற்றிய பழி இந்த மூவரில் யாரைச் சேரும்?

விடை: செங்கமலம் சத்தியம் வாங்கியபோது ஒரு வேற்று மனிதன் மேல் சந்தேகம் விழும் என்று அவளுக்குத் தெரியாது; தெரிந்த கணமே வாய் திறந்தாள். உலகாம்பாளின் வாயைத் தாய் ஒரு பக்கமும் தந்தை ஒரு பக்கமும் கட்டிவைத்தார்கள். அப்படியும் பசீல் தன்னிடம் பேசியதில்லை என்ற உண்மையை அவள் சொன்னாள். அதை நம்பாதவர் தந்தை. ஆகவே பழி தில்லைநாயகத்தையே சேரும். சந்தேகப்பட்டதற்காக அல்ல, தாம் கற்றுத்தராத ஓசையை அவர் கேட்டது நிஜம். ஆனால் பால்காரியைக் கேட்டார், வைத்தியரைக் கேட்டார், பாடப் பலகையைக்கூடப் புரட்டினார். பாடம் நடந்த நாளெல்லாம் அதே கூடத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் முகத்துக்கு நேரே நின்று, "உனக்குத் தெரியுமா?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.