கருவேலம்பட்டி அணி இந்த வருஷம் தோற்காது

கருவேலம்பட்டி கலைக் கல்லூரியின் கூடைப்பந்து அணி இந்த வருஷம் எப்படி ஆடும் என்று ஊரில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஆடாது. ஆனால் தோற்குமா என்று கேட்டால், அது வேறு கதை.

பயிற்சி கொடுப்பவர் தேவசகாயம் சார். வேலை தற்காலிகம், நிச்சயதார்த்தம் மட்டும் நிரந்தரம். வேலை நிலைத்தால்தான் கல்யாணம் என்று பெண்ணைப் பெற்றவர் சொல்லிவிட்டார். இந்த வருஷம் ஒரே ஒரு ஆட்டம் தோற்றாலும் சாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, திடலை டூவீலர் ஸ்டாண்டாக்கி விடுவேன் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். பாவம், அந்த மனுஷன் நம்பியிருந்தது ஐந்து பையன்களை. ஐவரும் தங்கமான பிள்ளைகள், சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அதுதான் பிரச்சினையே.

முதல் நாள் சார் சொன்னார்: "பந்து யார் கையிலயும் நிக்கக் கூடாது. வாங்கின உடனே அடுத்த ஆளுக்குக் குடுத்துரணும். பழகிக்கிட்டே இருங்க, நான் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வர்றேன்."

ஐந்து பேரிடமும் சுற்றிவிட்டுப் பந்து மறுபடி கேப்டன் மகுடபதியிடம் வந்தது. ஏற்கெனவே வாங்கியவன் அடுத்த ஆளாக முடியாதே என்று யோசித்து, அவன் அதை வாட்ச்மேனிடம் கொடுத்து விஷயத்தையும் சொன்னான். வாட்ச்மேன் டீக்கடைக்காரரிடம் கொடுத்தார். டீக்கடைக்காரர் விருதுநகர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தார்.

"பந்து எங்கடா?" என்றார் திரும்பி வந்த சார்.

"எங்க இருக்குன்னு தெரியல சார். ஆனா யார் கையிலயும் நிக்கல" என்றான் மகுடபதி பெருமையாக.

புதுப் பந்து வரும் வரை அணி உட்கார்ந்து ஆலோசித்தது.

"பந்து இல்லாம ஆடுறதுதான் நமக்கு நல்லது. எதிராளி எதைப் பறிப்பான்?" என்றான் வில்வநாதன்.

"வாஸ்தவம்தான். ஆனா கூடையில எதைப் போடுறது?" என்றான் மகுடபதி.

"அந்தக் கூடையை நல்லாப் பாத்தியா?" என்றான் ஏழாம் நம்பர் பனியன் போட்ட சுடலைமணி. "அதுக்கு அடியே கிடையாது. எதைப் போட்டாலும் கீழதான் விழும்."

அப்படியானால் பந்து வீண் செலவு என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

முதல் ஆட்டம் புதுக்குளம் கல்லூரியோடு, நம் திடலிலேயே நடந்தது. சார் பையன்களைப் பக்கத்தில் கூப்பிட்டார். "ஆளுக்கு ஒருத்தனைப் பிடிச்சுக்குங்க. அவன் எங்க போனாலும் கூடவே போங்க. விட்டீங்க, என் கல்யாணம் போச்சு" என்றார்.

விடவில்லை. புதுக்குளத்தாரால் மூச்சுகூட விட முடியவில்லை. நடுவில் சுடலைமணி கைக்குப் பந்து வந்தது. இதை வைத்துக்கொண்டு ஆளைப் பிடிக்க முடியாதே என்று அவன் தூக்கி எறிய, அது கூடைக்குள் விழுந்தது. இடைவேளையில் கருவேலம்பட்டி முன்னணியில் இருந்தது. சார் ஆரஞ்சுப் பழத்தை உரித்து வைத்துக்கொண்டு தனியாகக் காத்திருந்தார். பையன்கள் வரவில்லை. ஆளோடு ஆளாகப் புதுக்குளத்தார் அறைக்குப் போயிருந்தார்கள்.

அங்கே அவர்களுடைய வாத்தியார் கத்திக்கொண்டிருந்தார்: "அந்த ஏழாம் நம்பரை அமுக்கிப் பிடிங்கடா. பந்தைத் தொடவே விடாதீங்க."

நம் பிள்ளைகள் எந்த வாத்தியார் சொல்லையும் தட்டமாட்டார்கள். ஆட்டம் தொடங்கியதும் மற்ற நாலு பேரும் சுடலைமணியைச் சுற்றி வளைத்தார்கள். சுடலைமணி தன் வலது கையைத் தானே இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"டேய், ஏழாம் நம்பரே நீதானடா" என்று சார் அலறினார்.

"அதான் பிடிச்சிருக்கேன் சார். ரொம்ப முரண்டு பண்றான்."

புதுக்குளத்தார் கூடை கூடையாகப் போட்டார்கள். சார் நடுவரிடம் கேட்டு ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தி, பையன்களிடம் வந்தார். "இனிமே ஒண்ணும் செய்யாதீங்கப்பா. கூடைக்குக் கீழ போய் வரிசையா நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க, அது போதும்."

நின்றார்கள். ஓடி வந்த புதுக்குளத்தார் வரிசையாக வந்து மோதினார்கள். சிலை மாதிரி நிற்பவன் மேல் மோதினால் மோதியவனுக்குத்தான் ஃபவுல். ஃபவுல் ஐந்தானால் வெளியே போக வேண்டும். ஒவ்வொருவராக வெளியே போய்க் கடைசியில் ஒரே ஒரு ஆள் மிஞ்சினான். ஒற்றை ஆளை வைத்து ஆட விதியில் இடமில்லை. கருவேலம்பட்டி வென்றதாக நடுவர் அறிவித்தார். சார் அழுதேவிட்டார்.

அதன்பின் அவர் அசையச் சொல்லவேயில்லை. எந்த மடையன் சொல்வான்? நின்ற இடத்திலேயே இட்லி ஊட்டினார்.

அடுத்து மேலப்பட்டணம் கல்லூரி வந்தது. விஷயம் தெரிந்த அவர்களுடைய வாத்தியாரும் தம் பையன்களிடம், "நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க" என்று சொல்லிவிட்டார். நடுவர் பந்தை மேலே போட்டார். அது கீழே விழுந்து உருண்டு ஓரமாய்ப் போய் நின்றது. ஆட்டம் சமன். சமன் என்றால் கூடுதல் நேரம், அதுவும் சமன் என்றால் இன்னொரு கூடுதல் நேரம், அதுதான் விதி. இதற்குள் சாரின் கல்யாணத்துக்குக் குறித்திருந்த முகூர்த்த நாளே வந்துவிட்டது.

"தோத்தாச்சா?" என்று கேட்டார் பெண்ணைப் பெற்றவர்.

"இன்னும் இல்ல" என்றார் பிரின்சிபால்.

ஆகவே திடல் ஓரத்திலேயே பந்தல் போட்டுக் கல்யாணத்தை நடத்தினார்கள். தாலி கட்டும்போது கெட்டிமேளம் முழங்கியது. நடுவர் விசில் ஊதினார். ஆட்ட நேரத்தில் இடைஞ்சல் செய்தது குற்றம், மேலப்பட்டணத்துக்குத் தண்டனை எறிதல் ஒன்று. கல்யாணத்துக்கு வந்தவர்களில் நாலு பேர் மேலப்பட்டணத்துப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடைக்கு எதிரே நிறுத்தி, கையில் பந்தையும் வைத்தார்கள். அவன் தங்கள் வாத்தியாரையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். "எறி" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவர் பந்தியில் இருக்கிறார். தேவசகாயம் சார் மாலையைக்கூடக் கழற்றாமல், பாயச வாளியோடு அவர் பக்கத்திலேயே நிற்கிறார். மனுஷன் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கரண்டி ஊற்றுகிறார்.