கேட்டேன் என்று சொல்ல ஒருவர்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் சபைத் தலைவர்மேல் குற்றச்சாட்டு எழுந்தது. ஏரி மதகை அடைத்துத் தண்ணீரையெல்லாம் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டார் என்பது குற்றம். கீழ்வயல்களில் பயிர் வாடிக்கொண்டிருந்தது. அவரைப் பதவியிலிருந்து இறக்கினால்தான் மதகு திறக்கும். குற்றம் சாட்டியவர் சேந்தன் என்ற நரைத்தலை உழவர்.

அந்தச் சபைக்கு ஒரு விதி உண்டு. பேச எழுந்தவர் தானாக உட்காரும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது. அவர் உட்கார்ந்ததும், குற்றம் சாட்டிய தரப்பில் ஒருவராவது எழுந்து ‘கேட்டேன்’ என்று சொல்ல வேண்டும். சொன்னால் தீர்ப்பு. சொல்ல ஆளில்லை என்றால் வழக்கு விழுந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த விதியைப் போராடி வாங்கியவரே சேந்தன்தான். ஒரு காலத்தில் அவர் வாய் திறந்தாலே சபை முழுவதும் இருமத் தொடங்கிவிடும்.

தலைவருக்காக அவருடைய மைத்துனர் மாறங்காரி எழுந்தார். ஏரியைப் பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் மழையைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். மேகங்களின் குலமும் குணமும் சொல்லி முடித்தார். பிறகு தவளைகளுக்கு வந்தார். பொழுது சாய்ந்ததும் சபை கலையும். விடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தவளை தொடரும்.

சேந்தனோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவர் வீட்டில் மாடு ஈன்றது. இன்னொருவர் மகளுக்குக் கல்யாணம். மற்றொருவர் காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. கடைசியில் அந்த வரிசையில் சேந்தன் மட்டும் மிஞ்சினார்.

ஒருநாள் நடுப்பகலில் அவரும் எழுந்து மலையேறினார். மேலே குகையில் குரத்தியடிகள் என்ற சமணப் பெண்துறவி இருந்தார். சேந்தன் சிறுவயதிலிருந்து பாடம் கேட்டது அவரிடம்தான்.

அடிகள் உட்காரப் போனவர் உட்காரவில்லை. மயிற்பீலியால் பாறையைப் பெருக்கத் தொடங்கினார். ஓர் எறும்பு வந்தது. அது போகட்டும் என்று நின்றார். மறுபடி பெருக்கினார்.

சேந்தன் காத்திருந்து பார்த்தார். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். அந்த விதியைத் தூக்கிவிடச் சொல்லிக் கேட்டால் சபையில் பாதிப்பேராவது கை தூக்குவார்கள், அப்படிக் கேட்கலாமா என்றார்.

“விதி நல்லதா கெட்டதா, அடிகளே?”

“இந்தப் பீலியும் அப்படித்தான். எறும்புக்காகப் பெருக்குகிறேன். பெருக்கி முடித்ததும் உட்காருவேன்.”

“மாறங்காரி உட்காரமாட்டான். உட்காராமல் இருக்கத்தான் பெருக்குகிறான்.”

“பீலியை ஒடித்துவிட்டால்?”

சேந்தன் பாறையைப் பார்த்தார். “எறும்பு சாகும்.”

“அந்த எறும்பை உனக்குத் தெரியும்.”

“தெரியும். நான்தான். ஆனால் அங்கே தனியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவன் யாருக்காகப் பேசுகிறான் என்றே தெரியவில்லை.”

“உனக்காகத்தான்.”

“எனக்காகவா? தவளையைப் பற்றி எனக்கென்ன?”

“நீ எழுந்து போவதற்காக.”

அடிகள் பெருக்கி முடித்தார். பீலியை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவழியாக உட்கார்ந்தார்.

“சேந்தா, மாறங்காரி இப்போது உட்கார்ந்திருந்தால், அங்கே ‘கேட்டேன்’ என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?”

சேந்தன் கீழே திரும்பிப் பார்த்தார். சபைக் கூரை தெரிந்தது. அந்த உயரத்துக்கு ஊரின் குரல் எட்டுவதில்லை.