போணி ஆகாத கடைத்தெரு

ஒரு காட்டுல ராஜா இல்ல. இருந்த சிங்கம் பல்லெல்லாம் போயி, ஒரு மழைக்காலத்துல கண்ணை மூடிடுச்சு. அடுத்த ராஜா யாருன்னு யோசிக்கிறதுக்குள்ள அங்க ஒரு கடைத்தெரு வந்துடுச்சு. அதுக்கப்புறம் ராஜா வேணும்னு யாருக்கும் தோணல. முதலாளிங்களே இருபது பேரு இருந்தாங்க.

குழந்தைகளா, அந்த இருபது கடையில மூணு கடையை மட்டும் நீங்க தெரிஞ்சுக்கிட்டாப் போதும். மத்ததும் அப்படித்தான்.

முதல்ல இருக்கிறது நரியாரோட எண்ணெய்ச் செக்கு. அதுக்கு எதிர்ல கரடி அண்ணாச்சியோட கம்பங்கூழ்க் கடை. தெருக்கோடியில மந்தியக்கா வெச்சிருக்கிற லாடக் கடை. மாடோ கழுதையோ, நடந்து பிழைக்கிற யாரா இருந்தாலும் குளம்புக்கு இரும்பு லாடம் அடிக்க அங்கதான் போகணும்.

நரியாரோட செக்கை இழுக்கிற எருதுக்குப் பேரு மயிலை. விடிஞ்சதும் நுகத்தடியில கழுத்தை வெச்சான்னா, பொழுது சாயுற வரைக்கும் சுத்துவான்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பே மயிலண்ணே?" ஒருநாள் கழுதை கேட்டா. கரடி அண்ணாச்சிக்குக் கம்பு மூட்டையும் தண்ணியும் சுமக்கிறவ அவ.

"தூரம் நிறைய நடக்கிறேன். போய்ச் சேர்ந்த ஊருதான் ஒண்ணும் இல்ல" அப்படின்னான் மயிலை.

அந்தக் காட்டுல புளியங்கொட்டைதான் காசு. புளியமரமெல்லாம் யாருதுன்னு கேக்காதீங்க. முதலாளிங்களுதுதான்.

மயிலைக்கு நாள் கூலி ஏழு கொட்டை. காலையில கூழுக்கு ரெண்டு, சாயங்காலம் கூழுக்கு ரெண்டு, வைக்கோலுக்கு ரெண்டு. மிச்சம் ஒண்ணை லாடத்துக்குன்னு ஒதுக்கி வைப்பான். இதுல சந்தோஷம்னு தனியா ஒண்ணும் இல்ல. ஆனா காலும் வயிறும் ஒழுங்கா இருந்துச்சு.

அந்த வருஷம் மழை பிந்திடுச்சு. வியாபாரம் கொஞ்சம் மந்தம். முதலாளிங்க இருபது பேரும் கூடிப் பேசினாங்க.

"கூலியில ஆளுக்கு மூணு கொட்டை குறைப்போம்" அப்படின்னாரு நரியார். "என் எருது என்கிட்டயா எண்ணெய் வாங்குறான்? அவனுக்குக் குறைச்சா எனக்கு என்ன நட்டம்?"

"அதானே. என் கழுதை என் கடையிலயா கூழ் குடிக்கிறா? அவ புல்லுதான் மேயுறா" அப்படின்னாரு கரடி அண்ணாச்சி.

இருபது பேருக்கும் அது நல்ல யோசனையாப் பட்டுச்சு. இருபது பேருக்கும் ஒரே நேரத்துல நல்லாப் படுற யோசனையைக் கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கணும். யாரும் பாக்கல.

மயிலைக்கும் கழுதைக்கும் ஏழு கொட்டை நாலாச்சு.

மயிலை காலைக் கூழை நிறுத்தினான். லாடத்துக்கு ஒதுக்குறதையும் நிறுத்தினான். கழுதை தினமும் காலையில முட்டிக்குத் தேய்க்க ஒரு கரண்டி நல்லெண்ணெய் வாங்குவா. அவளும் நிறுத்திட்டா. ரெண்டு பேரும் மந்தியக்கா கடைப் பக்கம் போறதையே மறந்தாங்க. மத்த கடை வேலைக்காரங்களும் ஒவ்வொண்ணா வாங்குறதை நிறுத்திட்டாங்க.

ஒரு மாசம் போச்சு. மயிலையோட இடது முன்னங்கால் லாடம் தேஞ்சு கழண்டு விழுந்துச்சு. வெறுங்குளம்போட சுத்தினான். குளம்பு ஓரத்துல ஒரு வெடிப்பு விட்டுச்சு.

நொண்டுறது தப்பில்ல. ஆனா ஆத்துக்கு அக்கரையில ஒரு வயசான புலி இருந்துச்சு. ஓடுற மாட்டைத் துரத்த அதுக்கு மூச்சு பத்தாது. நொண்டுற மாட்டுக்காக எத்தனை நாள் வேணும்னாலும் காத்திருக்கும். மயிலை தினமும் வேலை முடிஞ்சு அந்த ஆத்தங்கரை வழியாத்தான் கொட்டிலுக்குப் போகணும்.

ஒருநாள் காலையில நரியார்கிட்ட கேட்டான்.

"முதலாளி, லாடம் ஒண்ணு அடிக்கணும். ஆறு கொட்டை ஆகும். பழைய கூலியைக் குடுத்தீங்கன்னா நானே சேத்து அடிச்சுக்குவேன்."

"குடுக்கலாம் மயிலை, உனக்கு இல்லாததா?" அப்படின்னாரு நரியார். "முதல்ல போணி ஆகட்டும்."

போணின்னா அன்னிக்கு முதல் வியாபாரம். அது ஆகாம கல்லாப்பெட்டியிலிருந்து ஒரு கொட்டைகூட வெளிய போகக் கூடாது. போச்சுன்னா அன்னிக்கு முழுக்க நட்டம்னு அந்தக் கடைத்தெருவுல ஒரு நம்பிக்கை. கடன் குடுக்க மாட்டாங்க, சில்லறை மாத்த மாட்டாங்க. கூலியும் அப்படித்தான்.

மயிலை சுத்தினான். உச்சி வெயில் வந்துச்சு. போணி ஆகல. பொழுது சாஞ்சுச்சு. ஆகல.

"நாளைக்குப் பாத்துக்கலாம். புண்ணாக்கு வாசனையாவது பிடிச்சுட்டுப் போ" அப்படின்னாரு நரியார். வாசனைக்கு அவரு கூலியில பிடிக்கல. அதைச் சொல்லணும்.

மறுநாளும் அதே கதை. எதிர்க்கடையில கரடி அண்ணாச்சி கூழ்ப் பானை மேல உக்காந்த ஈயை ஓட்டிக்கிட்டு இருந்தாரு. கோடியில மந்தியக்கா உலையைப் பத்த வெச்சு, கொஞ்ச நேரம் பாத்துட்டு, கரி வீணாகுதுன்னு அணைச்சா. இருபது முதலாளிங்களும் வாசல்ல உக்காந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. பக்கத்துக் கடையில ஒண்ணு வாங்கலாம்தான். ஆனா அதுக்குப் பெட்டியைத் திறக்கணுமே. போணி ஆகலையே.

மூணாம் நாள் மயிலைக்கு வைக்கோல்கூட இல்ல. உச்சி நேரத்துல தண்ணி காட்ட நுகத்தடியை அவுத்தாங்க. அவன் தொட்டிப் பக்கம் நாலு எட்டு வெச்சான். வெடிச்ச குளம்பு ரெண்டாப் பிளந்துச்சு. நடுத்தெருவுல மடங்கிப் படுத்துட்டான்.

செக்குச் சத்தம் நின்னு போச்சு. தினமும் அந்தக் கிறீச் சத்தத்தைத் திட்டிக்கிட்டே இருந்தவங்க எல்லாரும், அது இல்லைன்னதும் என்னமோ ஏதோன்னு வெளிய வந்தாங்க.

"எழுந்திரு மயிலை. ஊரு பாக்குது" அப்படின்னாரு நரியார்.

"எழுந்திருக்க எனக்கும் ஆசைதான் முதலாளி. காலுகிட்டதான் கேக்கணும்."

மந்தியக்கா குனிஞ்சு குளம்பைத் திருப்பிப் பாத்தா.

"இன்னிக்கே லாடம் அடிச்சா பிளவு சேர்ந்துடும். நாளைக்குன்னா நான் வேண்டாம்" அப்படின்னா. தலையை ஆத்துப் பக்கம் ஆட்டினா. "அக்கரையில இருக்கிறவர் வந்துக்குவாரு."

"அப்ப லாடத்தை அடிச்சுடு மந்தி."

"அடிக்கலாம் நரியாரே. ஆனா எனக்குப் போணி ஆகலையே. போணி கடன் சொன்னா உலைக்கு ஆகாது."

நரியார் முனகிக்கிட்டே கடைக்குப் போனாரு. ஒரு எருதுக்காகச் செக்கு நிக்கணுமான்னு அவரே நுகத்தடியில தோளை வெச்சாரு. ஒண்ணரைச் சுத்து வந்துச்சு. அதுலயும் அந்த அரைச் சுத்து, செக்கு அவரை இழுத்தது. நாக்குத் தள்ளிக்கிட்டு வந்து மயிலை பக்கத்துல உக்காந்தாரு. யாரும் சிரிக்கல. சிரிக்கவும் தெம்பு வேணுமில்ல.

மயிலை படுத்தபடியே கேட்டான். "அண்ணாச்சி, முன்னெல்லாம் உங்களுக்கு முதல் போணி யாரு?"

கரடி அண்ணாச்சி தாடையைச் சொறிஞ்சாரு. "விடிஞ்சதும் நீதான் வருவே. ரெண்டு கொட்டையை வெச்சுட்டு வாளியில வாயை விடுவே."

"எங்க முதலாளிக்கு?"

"நான்தான்" அப்படின்னா கழுதை. "ஒரு கரண்டி நல்லெண்ணெய். அளவுல குறையும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"எனக்கு நீங்க ரெண்டு பேருமேதான்" அப்படின்னா மந்தியக்கா.

மயிலை கண்ணை மூடிக்கிட்டான்.

நரியாருக்கு மூளை வேகம். சட்டுனு கரடியைப் பாத்துத் திரும்பினாரு. "அப்ப உம்மாலதான் என் போணி போச்சு அண்ணாச்சி. கழுதைக்கு நீரு ஒழுங்காக் கூலி குடுத்திருந்தா அவ எண்ணெய் வாங்கியிருப்பா."

"நல்லா இருக்கே நியாயம். உன் எருதுக்கு நீ குடுத்திருந்தா என் பானை காலியாகியிருக்கும்."

"நீரு முதல்ல ஏத்தும். பின்னாலயே நான் ஏத்துறேன்."

"குறைக்கச் சொன்னது யாரு? நீ ஏத்து. நான் பின்னால வர்றேன்."

ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் அவ்வளவு மரியாதையா வழி விட்டுக்கிட்டாங்க. யாரும் நகரல. மத்த பதினேழு முதலாளிங்களும் தரையைப் பாத்தாங்க.

அப்ப ஆத்துக்கு அக்கரையில ஒரு இருமல் கேட்டுச்சு. வயசான இருமல். பொறுமையான இருமல்.

மயிலையோட காது மட்டும் விறைச்சுது. நரியார் அதைப் பாத்தாரு. ஒண்ணரைச் சுத்தை நெனைச்சுப் பாத்தாரு. நாலு கொட்டைக்கு இன்னொரு எருது எந்தக் காட்டிலிருந்து வரும்னும் நெனைச்சாரு. எழுந்து கடைக்குள்ள போனாரு. போணி ஆகாத பெட்டியைத் திறந்தாரு. தெருவே எட்டிப் பாத்துச்சு.

"இந்தா, மூணு நாள் கூலி. நாலு வீதம் பன்னெண்டு."

மயிலை கண்ணைத் திறந்து கொட்டைகளைப் பாத்தான். வாங்கல.

"ஏன், குறையுதா?"

"இதுல ஆறு லாடத்துக்குப் போயிடும் முதலாளி. மிச்சம் ஆறு, மூணு நாள் பசிக்குப் போயிடும். நாளையிலிருந்து மறுபடி நாலு. இந்த லாடமும் ஒருநாள் தேயும். அடுத்த லாடத்துக்கு மறுபடி நான் இங்கேயே வந்து படுக்கணும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிட்டான். "படுக்கிறதுல எனக்குச் சிரமம் இல்ல. செக்குதான் நிக்கும்."

நரியார் பெட்டியைப் பாத்தாரு. ஆத்தைப் பாத்தாரு. தன் தோளைத் தடவிப் பாத்தாரு.

"ஏழு" அப்படின்னாரு. சொல்லும்போது பல்லு வலிக்கிற மாதிரி இருந்துச்சு. "மூணு நாளைக்கும் ஏழு. நாளைக்கும் ஏழு."

"நாளன்னிக்கு?"

"அன்னிக்கும்தான் அப்பா. எழுந்திரு."

"லாடம் அடிக்காம எப்படி எழுந்திருக்கிறது?"

மந்தியக்கா ஆணியும் சுத்தியலுமா வந்தா. மாட்டுக்கு லாடம் அடிக்கணும்னா கயித்தைக் கட்டிக் கீழ சாய்க்கணும், அதுக்கு நாலு பேரு வேணும். "சாய்க்கிற வேலை மிச்சம். அதுக்கு ஒரு கொட்டை குறைச்சுக்கிறேன்" அப்படின்னு அஞ்சு கொட்டையை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. மூணு நாளைக்கப்புறம் அந்தத் தெருவுல ஆன முதல் போணி அது.

வேலை முடிஞ்சதும் அவ நேரா எதிர்ல போயி, "அண்ணாச்சி, ஒரு வாளி கூழ் ஊத்துங்க" அப்படின்னு ரெண்டு கொட்டையை நீட்டினா. கரடி அண்ணாச்சியும் அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. ஒத்தின கையோட பெட்டியில போடப் போனாரு. பின்னால யாரோ நிக்கிற மாதிரி இருந்துச்சு. கழுதைதான்.

"நானும் போயி நடுத்தெருவுல படுக்கட்டுமா அண்ணாச்சி?"

"ஒண்ணும் வேண்டாம்" அப்படின்னாரு அண்ணாச்சி. ஏழு ஏழா மூணு தடவை எண்ணிக் குடுத்தாரு.

பொழுது சாயுறதுக்குள்ள கழுதை செக்குக்கு வந்தா. "ஒரு கரண்டி நல்லெண்ணெய். இன்னிக்கு அளவு நிறைய இருக்கட்டும்" அப்படின்னா. நரியார் கரண்டி நிறைய ஊத்தினாரு. கொட்டையைக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

மறுநாள் நரியார் எல்லாருக்கும் ஒரு ரகசியம் சொன்னாரு. கடையைத் திறந்ததும் முதல்ல வேலைக்காரங்களோட முழுக் கூலியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தனியா வைக்கணும், அப்பத்தான் போணி ஆகும், அது தனக்குக் கனவுல வந்துச்சுன்னாரு. நியாயம்னு சொல்லியிருந்தா அந்தத் தெருவுல பாதிப் பேரு கேட்டிருக்க மாட்டாங்க. ராசின்னு சொன்னதும் இருபது பேரும் கேட்டாங்க.

"கனவு வந்தது அவருக்கா?" கழுதை மெதுவாக் கேட்டா.

"இருக்கட்டும்" அப்படின்னான் மயிலை. "படுத்தது நானு. கனவாவது அவருக்கு வரட்டும்."

அன்னிக்குச் சாயங்காலம் ரெண்டாவது வேளைக் கூழையும் குடிச்சுட்டு அவன் ஆத்தங்கரைப் பாறை வழியா நடந்தான். அசதி இருந்துச்சு. செக்குமாட்டுக்கு அது எப்பவும் இருக்கும். ஆனா நாலு காலும் பாறையில ஒரே மாதிரி, டக் டக்னு விழுந்துச்சு.

அக்கரையில புலி தலையைத் தூக்கி அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுச்சு. அப்புறம் வேற காட்டைப் பாத்து நடந்துச்சு.

நீதி: உழைக்கிறவருக்கு வயிறு நிறையக் கூலி கொடுக்காத தெருவில் எந்தக் கடைக்கும் போணி ஆகாது.