எல்லைக்கல்லை முதலில் நகர்த்தியவர்

உங்கள் கையில் இருப்பதில் ஒரு பங்கை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால், உங்கள் கை முதலில் எங்கே போகும்? வேலிக்கா, வேலிக்குள் குடியிருப்பவர்களிடமா? பதிலுக்கு அவசரப்படாதீர்கள். ஆவுடையப்பன் அவசரப்பட்ட கதையை முதலில் கேளுங்கள்.

ஆவுடையப்பன் முப்பத்துநான்கு வருடம் நில அளவைத் துறையில் காலம் கழித்தவர். ஓய்வு பெற்றபின், பாளையங்கோட்டையில் பார்வையற்ற மாணவர்களுக்கான ஒலி நூலகம் ஒன்றில் பாடம் வாசித்துப் பதிவுசெய்ய வந்தார். வந்த இடத்தில் கணினி மீது ஆசை பற்றிக்கொண்டது.

அங்கே கணினிகளைக் கட்டி ஆண்டவர் எப்சிபா டீச்சர். ஆவுடையப்பனைவிட இருபது வயது இளையவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திரையில் வரும் எழுத்தை இயந்திரம் குரலாக வாசிக்கும்; அதைக் கேட்டுக் கட்டளைகளை விரலால் அடிப்பார். ஆவுடையப்பன் அவரிடம் சீடராகச் சேர்ந்தார்.

பொதுத்தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. நூலகக் கணினியின் சேமிப்பு வட்டு இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பெரிய பகுதியில் பாடங்கள். அங்கே இடம் தாராளம். சிறிய பகுதி இயந்திரம் தன் வேலைக்கு வைத்துக்கொண்டது. அது கழுத்துவரை நிரம்பி, பாடம் கேட்க உள்நுழைய முயன்ற பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பியது.

அன்று காலை டீச்சர் வர நேரமாகும் என்றிருந்தது. ஆவுடையப்பன் உட்கார்ந்தார். பாடப் பகுதியில் ஐம்பது ஜிபியைக் குறைத்துச் சிறியதற்குக் கொடுக்க நினைத்தார். எத்தனை வயல்களைப் பாகம் பிரித்த கை! எல்லையைக் குறைக்கும் கட்டளையை அடித்தார். இயந்திரம் ஏதோ எச்சரித்தது. ஆம் என்றார். எல்லை குறைந்தது.

அதன்பின் பாடப் பகுதி திறக்கவில்லை.

வெளி வட்டில் நகல் எடுத்து ஆறு மாதமாகியிருந்தது. அதற்குப் பின் பதிவான பாடங்கள் அத்தனையும் இந்த ஓர் இடத்தில்தான். டீச்சரைக் கைப்பேசியில் அழைத்தார். டீச்சர் பஸ்ஸில் இருந்தார்.

"டீச்சர், பாடப் பகுதி திறக்க மாட்டேங்குது. ஐம்பது குறைச்சேன்."

"உள்ளே இருக்கிறதைச் சுருக்கிட்டா, சுருக்காமலா?"

ஆவுடையப்பன் திரையில் புதிதாக வந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி?"

"பழுது பார்க்கவான்னு கேக்குது டீச்சர். ஆமான்னு போடட்டுமா?"

"வேண்டாம்! பழுது பார்க்கிறேன்னு மிச்சத்தையும் கலைச்சிடும். விசைப்பலகையை விட்டுக் கையை எடுங்க. எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"ரெண்டு கையும்?"

"ரெண்டும்தான்."

"வெட்டின ஐம்பதைச் சின்னப் பகுதிக்குக் கொடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"ஸ்தோத்திரம். அப்படியே இருக்கட்டும். காப்பி குடிக்கிறதா இருந்தாக்கூட அடுத்த அறைக்குப் போய்க் குடிங்க."

முக்கால் மணி நேரம் ஆவுடையப்பன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். காப்பி குடிக்கவில்லை.

டீச்சர் வந்தார், செருப்பைக் கழற்றினார், உட்கார்ந்தார். எல்லையை மாற்றும் முன் பழைய எல்லை எதுவென்று இயந்திரம் தானாகவே எழுதி வைத்திருந்தது. அந்தக் குறிப்பைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு வரியையும் குரல் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பழைய எல்லையை மீட்டார். எதையும் மாற்றாமல் சோதித்து மட்டும் பார்த்தார். பிறகு திறந்தார்.

கடைசியாகப் பதிவான பாடம் ஒலித்தது. ஆவுடையப்பனின் குரலேதான், பொருளியல், எட்டாம் பாடம். அவர் தன் குரலுக்கே எழுந்து நின்று கைகூப்பினார்.

"எச்சரிக்கை வந்திருக்குமே அண்ணாச்சி?"

"வந்தது டீச்சர். நாலு வரி. கண்ணை ஓட்டிட்டுத் தட்டிட்டேன்."

"எனக்கு அந்த வசதி இல்லை. அது சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டாகணும்."

ஆவுடையப்பன் தலை குனிந்தார். பிறகு கேட்டார்:

"ஒண்ணு புரியலை. நான் ஒரு பாடத்தைக்கூடத் தொடலையே. எல்லையைத்தானே நகர்த்தினேன்? நிலத்தில கல்லைத் தள்ளி நட்டா நெல் அப்படியேதானே நிக்கும்?"

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு பிரெயில் புத்தகத்தை எடுத்தார். வளையத்தில் கோத்த தாள்கள். கடைசிப் பத்துத் தாள்களைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டு, புத்தகத்தை நீட்டினார்.

"ஒன்பதாம் பாடத்தை எடுங்க."

ஆவுடையப்பன் பிரெயில் பழகத் தொடங்கி நான்கு மாதம். பொருளடக்கத்தில் விரலை மெல்ல நகர்த்தினார்.

"எழுபத்தாறாம் பக்கம்னு இருக்கு."

"எடுங்க."

புரட்டினார். விரல் பின்அட்டையில் முட்டி நின்றது.

"அட்டைதான் இருக்கு டீச்சர்."

"பொருளடக்கத்துக்கு அது தெரியுமா?"

ஆவுடையப்பன் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தானே சொன்னார்:

"உள்ளே இருக்கிறதை முதல்ல முன்னால நெருக்கி உட்கார வைக்கணும். பொருளடக்கத்தைத் திருத்தணும். அதுக்கப்புறம்தான் தாளைக் கழற்றணும்."

"சின்னப் பகுதியைப் பெரிசாக்கும்போது?"

"அங்கே தாளை முதல்ல கோக்கணும். எழுதறது பிறகு."

டீச்சர் பத்துத் தாள்களையும் அவரிடம் கொடுத்தார். அவர் ஒவ்வொன்றாக வளையத்தில் கோத்தார்.

"என் மானத்தைக் காப்பாத்தினீங்க டீச்சர். மானத்தை விடுங்க, அந்தப் பிள்ளைங்க படிப்பைக் காப்பாத்தினீங்க. இந்த நன்றியை எந்தக் காலத்துல தீர்ப்பேன்? இனி சத்தியமா இந்த வேலைப் பக்கம் வரமாட்டேன்."

எப்சிபா டீச்சர் எழுந்தார். நாற்காலியை அவர் பக்கமாகத் தள்ளினார்.

"சின்னப் பகுதிக்கு இன்னும் இடம் வரலை அண்ணாச்சி. பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்க. முதல்ல முழுசா நகல் எடுங்க; அந்த நகல்ல இருந்து ஒரு பாடத்தைத் திறந்து என் காதுல கேக்க வைங்க. அப்புறம் நீங்களே, உங்க கையாலேயே, குறைங்க. இன்னைக்கே செய்யுங்க. நாளைக்குன்னு விட்டா, உங்களுக்கு முன்னால உங்க பயம் வந்து இந்த நாற்காலியில உட்கார்ந்துக்கும்."