நடுவில் இருந்த பெட்டி

“இந்த பேட்டரியும் பத்தல அம்மணி. இன்னும் பெருசா ஒண்ணு வேணும்.”

அர்த்தநாரிக்கு அறுபத்திரண்டு வயது. மரகதத்துக்கு முப்பத்தைந்து. நாமக்கல்லில் லாரிகளுக்கு ஒயரிங் செய்கிறவள். அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்து, ஒரு வாரமாகப் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் அர்த்தநாரி.

வாசலில் அவருடைய வேன் நின்றது; அதன் ஒயரிங்கைத் தானே பார்த்துக்கொள்ளத்தான் வந்திருந்தார். உள்ளே படுக்கை, அடுப்பு, சின்ன ஃபேன். இப்போதைக்கு வீடும் அதுதான்.

“இது எத்தனாவது பேட்டரிங்க?”

“மூணாவது. ஒவ்வொண்ணும் முன்னதைவிடப் பெருசு. ரெண்டு நாள் ஒரே இடத்துல நிறுத்தினா, மூணாம் நாள் செத்துக் கிடக்குது. லைட்டு, ஃபேன் எல்லாத்தையும் நிறுத்திப் பார்த்துட்டேன். போன் சார்ஜ் மட்டும் போதும் எனக்கு.”

“போன் அவ்வளவு முக்கியமுங்களா?”

அர்த்தநாரி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார்.

“என் மக இளவேனில் என்னைக்காவது கூப்பிடுவா. கட்டிக் குடுத்து ஓசூர்ல இருக்கா. அவ அம்மா தவறின பிறகு வீட்டை வித்து இந்த வண்டியை வாங்கினேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ‘அது அம்மா வீடுப்பா’ன்னு சொல்லிட்டு போனை வெச்சா. எட்டு மாசம் ஆச்சு, இன்னும் கூப்பிடல.”

“இப்ப எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காளாம். என் மச்சான் சம்சாரத்துகிட்ட பேசுவா. அந்தம்மா மச்சான்கிட்ட சொல்லும். மச்சான் எனக்குச் சொல்வார்.”

மரகதம் எழுந்து வேனுக்குள் ஏறினாள். அவரும் ஏறினார்.

“போன மாசம் வால்பாறையில போன் அணைஞ்சு போச்சு அம்மணி. அந்த நேரம் பார்த்து அவ கூப்பிட்டிருந்தா?”

கேட்கும்போதே அவர் குரல் உடைந்தது. வயதானவர் அழுவதைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. குனிந்து படுக்கைக்கு அடியில் பார்த்தாள்.

அங்கே ஒரு பெரிய இன்வெர்ட்டர் பெட்டி இருந்தது. மரகதம் போன் சார்ஜரைப் பிடுங்கினாள். லைட்டையும் ஃபேனையும் அணைத்தாள்.

“பெட்டியைத் தொட்டுப் பாருங்க.”

தொட்டார். சூடாக இருந்தது.

“இப்ப எதுவும் ஓடல. எதுக்குச் சுடுது?”

அவர் குனிந்து ஒயர்களைப் பார்த்தார்.

“பேட்டரியில எவ்வளவுங்க?”

“பன்னண்டு வோல்ட்.”

“போன் எவ்வளவு கேக்குது?”

“அஞ்சு.”

“நடுவுல இந்தப் பெட்டி என்ன பண்ணுது?”

“பன்னண்டை இருநூத்தி முப்பதா ஏத்துது. சார்ஜர் அதை அஞ்சா இறக்குது.”

“டீக்கடை பக்கத்துலதான் இருக்குது. நீங்க பைபாஸ் ஏறி ஊரைச் சுத்திட்டு வந்து டீ குடிப்பீங்களா?”

அவர் பெட்டியைத் தடவினார்.

மரகதம் ஸ்பானரை நீட்டினாள்.

“இது அந்த வீட்டுல இருந்தது அம்மணி. கரண்ட் போனா இளவேனிலோட அம்மா இதுக்குப் பக்கத்துலதான் சேரைப் போட்டு உக்காருவா. இது ஓட்டுற ஃபேன் காத்து வருமே, அதுக்கு.”

மரகதம் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

ஸ்பானரை வாங்கி அர்த்தநாரியே பெட்டியைக் கழற்றினார். கனமாக இருந்தது. அதை இறக்கிப் பட்டறை மூலையில் வைத்துவிட்டு, துண்டால் ஒருமுறை துடைத்தார்.

பிறகு அவள் சொல்லச் சொல்ல அவரே வேலை செய்தார். பேட்டரியிலிருந்து ஒரு சிவப்பு ஒயர், ஒரு ஃபியூஸ், ஒரு கறுப்பு ஒயர். கடைசியில் காரில் வைக்கிற, பன்னிரண்டை நேராக ஐந்தாக்கும் சின்ன சார்ஜர் சாக்கெட். மதியம் ஆகிவிட்டது.

போனைச் சொருகினார். சார்ஜ் ஏறத் தொடங்கியது. சாக்கெட்டின் மேல் கை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதானுங்க.”

“இனி ஒரு வாரம் நிறுத்தினாலும் அணையாதா?”

“அணையாதுங்க.”

அவர் முகம் தெளிந்தது. “போதும் அம்மணி. இனி அவ எப்பக் கூப்பிட்டாலும் எடுத்துடுவேன்.”

மரகதம் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்கய்யா, உங்க போன்ல கால் வர மட்டுந்தான் செய்யுமா? இங்கிருந்து போகாதுங்களா?”

அர்த்தநாரி அவளைப் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

இளவேனிலின் எண்ணை அழுத்தி, ஒயர் தொங்கத் தொங்க போனைக் காதில் வைத்தார். மணி அடித்தது. எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

அவர் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. மாப்பிள்ளையை விசாரிக்கவில்லை.

“உன்னைக் கேக்காம வீட்டை வித்தது என் தப்பு சாமி.”